டெபியன் மினிமல் இன்ஸ்டால்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லை, பிராசஸர் பழையது என்ற காரணங்களால் விண்டோஸ் 11-க்குப் போக முடியாத லேப்டாப்கள் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. கீபோர்டு, திரை, ஹார்ட் டிஸ்க் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, லினக்ஸை அடியிலிருந்து கற்றுக்கொள்ளலாமே என்று நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

மினிமல் இன்ஸ்டால் என்றால் டெஸ்க்டாப், பிரவுசர், ஆபீஸ் எதுவும் இல்லாத நிறுவல். வன்பொருளை இயக்கும் கெர்னல், கட்டளைகளை வாங்கும் ஷெல், மென்பொருள்களை ஏற்றி இறக்கும் பேக்கேஜ் மேனேஜர், கொஞ்சம் அடிப்படைக் கருவிகள், அவ்வளவுதான் வரும். மேற்கொண்டு என்ன வேண்டுமோ அதை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். இயந்திரம் வேகமாக ஓடும் என்பதற்காகத்தான் பலரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கணக்கில் அது இரண்டாவது லாபம். உள்ளே இருப்பவற்றில் பாதிக்கு மேல் நீங்களே போட்டவை என்பதால், ஏதாவது கெட்டால் எங்கே கை வைப்பது என்று தெரியும். முதல் லாபம் அதுதான்.

எந்த இயங்குதளம் என்று கேட்டால், முதல் முறைக்கு டெபியன் என்பேன். ஆர்ச் லினக்ஸுக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அதைக் கையால் நிறுவும்போது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷனிலிருந்து, ஆன் செய்ததும் இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடர் வரை எல்லாமே கட்டளைகள். ஆல்பைன் இன்னும் சிறியது. ஆனால் அதில் இருப்பது மஸ்ல் என்ற சி லைப்ரரி, அதாவது நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம். மற்ற லினக்ஸ்களுக்காகக் கட்டப்பட்ட சில மென்பொருள்கள் அதில் அப்படியே ஓடாது, ஏன் ஓடவில்லை என்று புதியவருக்குப் புரியவும் புரியாது. டெபியன் 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம். இப்போதைய நிலையான பதிப்பு 13; ட்ரிக்ஸி என்று பெயர், 2025 ஆகஸ்ட் 9-இல் வந்தது. அதன் இன்ஸ்டாலர் கேள்வி கேட்கும், நீங்கள் பதில் சொன்னால் போதும்.

இருபதுக்கு மேற்பட்ட கேள்விகள் வரும். பயப்பட வேண்டாம். அவற்றில் மூன்றுதான் முக்கியம்: ரூட் (கணினியில் முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டு, டிஸ்க் பார்ட்டிஷன், கடைசியில் வரும் மென்பொருள் பட்டியல். மற்றவற்றில் தவறாகப் பதில் சொன்னாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒத்திகை

நிஜ லேப்டாப்பில் கை வைக்கும் முன், கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கித் தரும் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். 2 ஜிபி ரேம், 15 ஜிபி டிஸ்க் கொடுத்தால் தாராளம். ஒரு எச்சரிக்கை: வர்ச்சுவல்பாக்ஸ் 7-லிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகல்) காட்டியதும் "அன்அட்டெண்டட் இன்ஸ்டால்" என்று தானே நிறுவ முயலும். அந்தத் தேர்வை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் எந்தக் கேள்வியையும் பார்க்காமலே நிறுவல் முடிந்துவிடும்; ஒத்திகையின் நோக்கமே போய்விடும்.

கோப்பும் பென்டிரைவும்

டெபியனின் அதிகாரப்பூர்வ தளத்தில் "நெட்இன்ஸ்ட்" என்ற ஐஎஸ்ஓ கிடைக்கும். அளவு 1 ஜிபிக்கும் குறைவு. மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பதிவிறக்கப் பக்கத்தில் ஏஎம்டி64 என்று இருப்பதைப் பார்த்து, "என்னுடையது இன்டெல் ஆயிற்றே" என்று தயங்க வேண்டாம். இன்றைய 64 பிட் கட்டமைப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி நிறுவனம் என்பதால் அந்தப் பெயர். இன்டெல் பிராசஸருக்கும் அதே கோப்புதான். 32 பிட் மட்டுமே தெரிந்த மிகப் பழைய பிராசஸர் என்றால் டெபியன் 13-க்கு அதில் இன்ஸ்டாலரே கிடையாது. முந்தைய பதிப்பான 12-ஐத்தான் பார்க்க வேண்டும்.

இறக்கிய கோப்பு முழுதாக வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதைப் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். ஒரு நிமிட வேலை. விண்டோஸ் பவர்ஷெல்லில் "கெட்-ஃபைல்ஹேஷ்" (ஒலிப்பாகத் தமிழில் தருகிறேன், ஆங்கிலத்தில் தட்டுங்கள்) என்று கொடுத்து, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைத் தாருங்கள். நீளமான ஓர் எண்ணெழுத்து வரிசை வரும். ஐஎஸ்ஓ இருந்த அதே பக்கத்தில் எஸ்ஹெச்ஏ256 பட்டியல் இருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தவிர, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பாதியில் அறுந்த டவுன்லோடை வைத்து நிறுவினால், எங்கோ நடுவில் புரியாத பிழையோடு நிற்கும்; அப்போது காரணத்தைத் தேடி அலைவதைவிட இது மேல்.

பென்டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் போதும். எழுதத் தொடங்கும்போது ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் டிடியைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவில் இருப்பது மொத்தமும் அழியும். கோப்பை வெறுமனே காப்பி செய்து பென்டிரைவில் போட்டால் பூட் ஆகாது.

லேப்டாப்பைத் தயார்படுத்துதல்

முதலில் பேக்கப். புகைப்படம், சான்றிதழ் ஸ்கேன்கள், வாட்ஸ்அப்பில் வந்து இறக்கிவைத்தவை எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் காப்பி எடுத்து, அந்தக் காப்பி திறக்கிறதா என்றும் பாருங்கள்.

லேப்டாப்பை ஆன் செய்து லோகோ வரும்போதே பூட் மெனு விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12; ஹெச்பியில் எஃப்9; ஆசஸ் லேப்டாப்களில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அந்த மெனுவை இயக்கி வைத்தால்தான் வேலை செய்யும். கையொப்பமில்லாத இயங்குதளங்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. 2019-இல் வந்த டெபியன் 10 முதலே அதற்கு ஆதரவு உண்டு.

இன்னொன்று, பயாஸில் சேமிப்பகம் "ஆர்எஸ்டி" அல்லது "ரெய்டு" என்று வைக்கப்பட்டிருந்தால் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாமல் போகலாம். அப்போது "ஏஹெச்சிஐ" என்று மாற்ற வேண்டும். விண்டோஸை வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதைத் திடீரென மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகக்கூடும். மொத்தமாக அழிக்கப் போகிறவர்களுக்குக் கவலையில்லை.

இணையத்துக்கு லேன் கேபிள் இருந்தால் அதுவே சிறந்தது. டெபியன் 12 முதல் வைஃபை ஃபர்ம்வேர்கள் (கார்டுக்குத் தேவையான சிறு மென்பொருள்கள்) இன்ஸ்டாலரோடே வருகின்றன என்பதால் பல லேப்டாப்களில் வைஃபையும் நேரடியாக வேலை செய்யும். பழைய பிராட்காம் கார்டுகள் சில மட்டும் முரண்டு பிடிக்கும். கேபிளும் இல்லை, வைஃபையும் தெரியவில்லை என்றால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். இன்ஸ்டாலர் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

கேள்விகள் தொடங்குகின்றன

பென்டிரைவிலிருந்து பூட் ஆனதும் டெபியன் மெனு வரும். "கிராஃபிகல் இன்ஸ்டால்", "இன்ஸ்டால்" என்று இரண்டும் முதலில் இருக்கும். முன்னதில் மவுஸ் உண்டு, பின்னதில் இல்லை, கேள்விகள் ஒன்றுதான். எதையும் தொடாமல் விட்டுவிட்டால் பார்வையற்றோருக்கான குரல்வழி இன்ஸ்டாலர் தானே தொடங்கிவிடும். லேப்டாப் பேச ஆரம்பித்தால் பதற வேண்டாம், ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி வாருங்கள்.

மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, கிராஃபிகல் இன்ஸ்டாலில் மட்டும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மினிமல் நிறுவலுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். நிறுவி முடித்ததும் உங்களுக்குக் கிடைக்கப்போவது கறுப்புத் திரையான கன்சோல். தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிக்கும் திறன் அந்தக் கன்சோலுக்குக் கிடையாது. மொழிபெயர்க்கப்பட்ட செய்திகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் மொழி ஆங்கிலம், நாடு இந்தியா அல்லது இலங்கை. நாட்டை வைத்து நேர மண்டலத்தை அதுவே புரிந்துகொள்ளும். கீபோர்டுக்கு "அமெரிக்கன் இங்கிலீஷ்". நம் கடைகளில் விற்கும் லேப்டாப்கள் பெரும்பாலும் அந்த அமைப்பில்தான் வருகின்றன.

அடுத்து ஹோஸ்ட்நேம், அதாவது கணினிக்கு ஒரு பெயர். ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், நடுவில் ஹைஃபன் மட்டும். டொமைன் நேமை வெறுமையாக விடுங்கள்.

ரூட் பாஸ்வேர்டு: காலியாக விடுங்கள்

முக்கியமான மூன்றில் இது முதலாவது. பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது நம் பழக்கம். இங்கே கொடுக்காமல் விடுவதே நல்லது. காலியாக விட்டால் ரூட் கணக்கில் நேரடியாக நுழைய முடியாதபடி இன்ஸ்டாலர் பூட்டிவிடும். அடுத்து நீங்கள் உருவாக்கும் பயனருக்கு "சுடோ" வழியாக நிர்வாக அதிகாரம் கொடுத்துவிடும். பாஸ்வேர்டு கொடுத்துவிட்டாலோ, மினிமல் நிறுவலில் சுடோ என்ற நிரலே ஏறாது. இணையத்தில் பார்க்கும் எல்லாக் குறிப்புகளும் சுடோ என்று தொடங்கும், உங்கள் இயந்திரம் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும். டெபியனுக்கு வரும் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறுபடி நிறுவத் தேவையில்லை. நிறுவி முடித்தபின் "எஸ்யு" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு ஒரு ஹைஃபன் போட்டு ரூட்டாக நுழையுங்கள். அந்த ஹைஃபனை விட்டால் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் கோப்புறைகள் கணக்கில் வராது, அடுத்த கட்டளை கிடைக்கவில்லை என்று சொல்லும். பிறகு டெபியனின் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட் மூலம் சுடோவை நிறுவி, "ஆட்யூசர்" கட்டளையில் உங்கள் பயனர் பெயரையும் சுடோ என்ற குழுவின் பெயரையும் கொடுத்து, லாக் அவுட் செய்து மீண்டும் நுழைந்தால் சரியாகிவிடும்.

பயனர் பெயரும் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே இருக்கட்டும்.

பார்ட்டிஷன்: இங்கே நிதானம்

தரவு அழியக்கூடிய ஒரே இடம் இதுதான். அதனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண கைடட் முறையில், கடைசி உறுதிப்படுத்தும் திரையில் "யெஸ்" சொல்லும்வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதில்லை. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னால் போகலாம், பவர் பட்டனை அழுத்தி ஓடியும் போகலாம்.

லேப்டாப் முழுவதும் டெபியனுக்கே என்றால் "கைடட் - யூஸ் என்டையர் டிஸ்க்". எல்விஎம், என்க்ரிப்டட் எல்விஎம் என்ற பெயர்களும் பட்டியலில் இருக்கும். முதல் முறைக்கு அவை வேண்டாம். வெளியே எடுத்துச் செல்லும் லேப்டாப்புக்கு என்க்ரிப்ஷன் நல்லதுதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் முதலில் டிஸ்க் முழுவதையும் எழுதித் துடைக்கும். பெரிய ஹார்ட் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் ஓடும்.

அடுத்து எந்த டிஸ்க் என்ற கேள்வி. சாட்டா டிஸ்க்குகள் "எஸ்டிஏ", "எஸ்டிபி" என்றும், என்விஎம்இ எஸ்எஸ்டிகள் "என்விஎம்இ" என்று தொடங்கியும் தெரியும். நீங்கள் மாட்டியிருக்கும் பென்டிரைவும் இதே பட்டியலில் வரலாம். சில நேரம் அதுவே எஸ்டிஏ ஆகவும் இருக்கும். எனவே எழுத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உள்ள அளவையும் தயாரிப்பாளர் பெயரையும் பாருங்கள். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் 16 ஜிபி பென்டிரைவும் குழம்பவே குழம்பாது. மேசைக் கணினியில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இருந்தால், நிறுவி முடியும்வரை அதன் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதைவிடப் பாதுகாப்பான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு "ஆல் ஃபைல்ஸ் இன் ஒன் பார்ட்டிஷன்". புதியவர்களுக்குப் பரிந்துரை என்று அங்கேயே எழுதியிருக்கும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப், யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வாரிசு) கணினிகளுக்குத் தேவையான இஎஃப்ஐ பார்ட்டிஷன் இரண்டையும் அதுவே போட்டுக்கொள்ளும். சுருக்கப் பட்டியல் வரும், ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு "ஃபினிஷ்" என்பதைக் கொடுங்கள். கடைசித் திரையில் "நோ" என்பதுதான் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். டிஸ்க் பெயர் சரிதான் என்று உறுதியானால் மட்டும் "யெஸ்".

விண்டோஸும் இருக்கட்டும் என்பவர்கள், முதலில் விண்டோஸுக்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கிக் காலி இடம் உண்டாக்க வேண்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) இருந்தால் அதன் ரிகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இன்ஸ்டாலரில் மிகப் பெரிய காலி இடத்தைப் பயன்படுத்தும் கைடட் தேர்வைக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால் பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையில்தான் பூட் செய்ய வேண்டும். எந்த முறை என்பது டெபியன் மெனுவின் தலைப்பிலேயே இருக்கும். செய்ய முடியாததல்ல, ஆனால் முதல் முயற்சிக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடைசிப் பட்டியல்

அடிப்படை சிஸ்டம் ஏறியபின் மிரர், அதாவது எந்தச் சர்வரிலிருந்து பேக்கேஜ்களை இறக்குவது என்று கேட்கும். பட்டியலில் உள்ள "டெப்.டெபியன்.ஆர்க்" எந்த ஊருக்கும் சரி. பிராக்ஸியை வெறுமையாக விடுங்கள். பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சேர்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும், உங்கள் விருப்பம்.

பிறகுதான் மினிமலா இல்லையா என்று முடிவாகும் திரை. "டெபியன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட்", "க்னோம்" இரண்டும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். "ஸ்டாண்டர்டு சிஸ்டம் யுட்டிலிட்டீஸ்" மட்டும் இருக்கட்டும். வேறொரு கணினியிலிருந்து இதற்குள் நுழைய நினைத்தால் "எஸ்எஸ்ஹெச் சர்வர்" என்பதையும் சேருங்கள். மவுஸ் இல்லாத இன்ஸ்டாலரில் டிக்கை மாற்றுவது ஸ்பேஸ் பார்; என்டர் அழுத்தினால் அப்படியே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். இது தெரியாமல் என்டர் தட்டியவர்களுக்கு முழு க்னோம் டெஸ்க்டாப்பும் இறங்கிக்கொண்டிருக்கும்.

சிலர் ஸ்டாண்டர்டு யுட்டிலிட்டீஸையும் எடுத்துவிட்டு இன்னும் சிக்கனமாக நிறுவுவார்கள். அதோடு கட்டளைகளின் உதவிப் பக்கங்களும், டேப் விசை கட்டளைகளை நிரப்பித் தரும் வசதியின் பெரும்பகுதியும் போய்விடும். கற்றுக்கொள்ள வந்தவர் முதலில் இழக்கக் கூடாதவை அவை.

யூஇஎஃப்ஐ கணினியில் கிரப் பூட்லோடர் தானே ஏறிவிடும். பழைய பயாஸ் கணினியில் எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும். டெபியன் நிறுவிய அதே டிஸ்க்கைக் காட்டுங்கள், பென்டிரைவை அல்ல. முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட்.

கறுப்புத் திரையில் முதல் நாள்

லாகின் என்று ஒரு சொல்லும் மினுக்கும் கர்சரும் மட்டும் தெரிந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். பயனர் பெயர், என்டர், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு தட்டும்போது நட்சத்திரம்கூட வராது. விசைகள் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும், தட்டி முடித்து என்டர் கொடுங்கள்.

இங்கே கட்டளைகளை ஒலிப்பாகத் தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். முதலில் "சுடோ ஆப்ட் அப்டேட்", பிறகு "சுடோ ஆப்ட் அப்கிரேட்". முன்னது பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும், பின்னது பேக்கேஜ்களை உண்மையில் புதுப்பிக்கும். "ஃப்ரீ -ஹெச்" என்று கொடுத்தால் ரேம் எவ்வளவு செலவாகிறது என்று தெரியும். அந்த எண்ணை இதே லேப்டாப்பில் விண்டோஸ் ஓடியபோது இருந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அணைக்க "சுடோ பவர்ஆஃப்".

வைஃபை பலரைக் கலங்கடிக்கும் விஷயம். டெஸ்க்டாப் இல்லாத நிறுவலில் நெட்வொர்க்மேனேஜர் வராது. கேபிள் அல்லது போன் டெதரிங்கில் இணைந்த நிலையில் "சுடோ ஆப்ட் இன்ஸ்டால் நெட்வொர்க்-மேனேஜர்" கொடுங்கள். பிறகு இடிசி கோப்புறைக்குள் நெட்வொர்க் என்ற கோப்புறையில் உள்ள "இன்டர்ஃபேசஸ்" கோப்பை சுடோவோடு நானோ எடிட்டரில் திறந்து பாருங்கள். உங்கள் வைஃபை கார்டின் பெயர், பெரும்பாலும் "டபிள்யூஎல்" என்று தொடங்குவது, அதில் இருந்தால் அது தொடர்பான வரிகளின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி (#) போட்டுச் சேமியுங்கள். "எல்ஓ" தொடர்பான வரிகளைத் தொட வேண்டாம். அந்தக் கோப்பில் பெயர் இருக்கும் கார்டை நெட்வொர்க்மேனேஜர் தன் பொறுப்பில் எடுப்பதில்லை. பேக்கேஜை நிறுவியும் வைஃபை வராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ரீஸ்டார்ட் செய்து "என்எம்டியுஐ" என்று தட்டினால் மெனு வரும், அதில் உங்கள் வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப் வேண்டும் என்று தோன்றினால்

"சுடோ டாஸ்க்செல்" என்று கொடுத்தால் நிறுவலின்போது பார்த்த அதே பட்டியல் மறுபடி வரும். எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடியைத் தேர்ந்தெடுத்து முழுதாக நிறுவிக்கொள்ளலாம். ஆனால் மினிமலாகத் தொடங்கிவிட்டு அங்கே போவதில் ருசி இல்லை.

ஆப்ட் ஒரு பேக்கேஜைப் போடும்போது அதற்குக் கட்டாயமானவற்றோடு பரிந்துரைக்கப்படும் துணைப் பேக்கேஜ்களையும் சேர்த்துப் போடும். கட்டளையில் இரண்டு ஹைஃபனுக்குப் பின் "நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்" என்று சேர்த்தால் கட்டாயமானவை மட்டும் வரும். அப்படி "எக்ஸ்ஆர்க்", "எக்ஸ்எஃப்சிஇ4", "எக்ஸ்எஃப்சிஇ4-டெர்மினல்", "லைட்டிஎம்" நான்கையும் போட்டால் மெலிந்த டெஸ்க்டாப் ஒன்று கிடைக்கும். சத்தம் வராது, அதற்கு "பைப்வயர்-ஆடியோ" தனியாக வேண்டும். பிரவுசருக்கு "ஃபயர்ஃபாக்ஸ்-இஎஸ்ஆர்". ஒவ்வொன்றும் இல்லாதபோது எது நின்றுபோகிறது என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதுதான் இந்த முறையின் பாடத்திட்டம்.

டெஸ்க்டாப் வந்தபின் தமிழுக்கு இடம் உண்டு. "ஃபான்ட்ஸ்-லோஹித்-தமில்" என்று ஒலிக்கும் பேக்கேஜின் பெயரில் கடைசிப் பகுதி டி, ஏ, எம், எல் என்ற நான்கு எழுத்துகள் மட்டுமே, ஆங்கிலத்தில் தமிழ் என்று முழுதாக எழுதினால் கிடைக்காது. தட்டச்சுக்கு "ஐபஸ்", "ஐபஸ்-எம்17என்" இரண்டும். அதில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு முறைகள் எல்லாம் இருக்கும். தமிழ்99 பழகாதவர்கள் இந்த நேரத்தில் பழகிக்கொள்ளலாம்.

நிறுவிய பென்டிரைவை உடனே அழித்துவிடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்ததும் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால், அதே பென்டிரைவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய் "ரெஸ்க்யூ மோடு" எடுங்கள். முன்பு கேட்ட சில கேள்விகளைக் கேட்டுவிட்டு, ரூட் பார்ட்டிஷன் எது என்று கேட்கும். அதைக் காட்டினால் கிரப்பை மறுபடி நிறுவும் தேர்வு கிடைக்கும். யூஇஎஃப்ஐ கணினி அதற்கும் மசியவில்லை என்றால், அதே மெனுவில் கிரப்பை "ரிமூவபிள் மீடியா பாத்" இடத்தில் கட்டாயமாக நிறுவும் தேர்வு உண்டு. டெபியன் பெயரில் உள்ள பூட் பதிவைக் கண்டுகொள்ளாத சில லேப்டாப் ஃபர்ம்வேர்கள் அந்த இடத்தில் வைத்தால் பூட் செய்துவிடும்.